மறுமொழி: டொட்ஜிங், பேர்னிங் இரண்டுக்கும் தமிழ்

> டொட்ஜிங் = ஒளி குறைத்தல், பேர்னிங் = ஒளி கூட்டல் என்று போடலாமா?

வணக்கம் அண்ணா,

எனக்கு உடன்பாடில்லை. இருட்டறையில் படம் அச்சிடும்போது தாளில் ஓரிடத்துக்கு விழும் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் தடுப்பது டொட்ஜிங், ஓரிடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது பேர்னிங். கை செய்கிற வேலைக்கு அந்தச் சொற்கள் சரிதான், ஆனால் தாளில் நடப்பது தலைகீழ். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழுத்தும் என்லார்ஜரின் கீழே வெளிச்சம் குறைந்த இடம் வெளிறும், கூடிய இடம் கறுக்கும். "முகத்தில் ஒளியைக் குறை" என்றால் புதிதாகப் பழகுகிற பிள்ளை முகம் இருண்டுவிடும் என்றுதான் நினைக்கும். போட்டோஷொப்பிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் குழப்பம். அங்கே டொட்ஜ் கருவி தொட்ட இடம் வெளிச்சமாகிறது.

இங்கே திருகோணமலையில் டச்சுக் குடாக் கரையில் காலையில் கரைவலை இழுப்பவர்களைக் கடலைப் பார்த்து எடுத்தால், வெயில் அவர்களுக்குப் பின்னால் நிற்கும். மணலும் சட்டையும் சரியாக வர 12 வினாடி என்று சோதனைத் துண்டு (வெவ்வேறு நேரம் வெளிச்சம் காட்டிப் பார்க்கும் தாள் துண்டு) காட்டுகிறது என்று வையுங்கள். அதே 12 வினாடியில் முகங்கள் கரிக்கட்டையாகும், வானம் வெறும் வெள்ளைத் தாளாகவே கிடக்கும். அதனால் அந்த 12 வினாடிக்குள் ஒரு 3 வினாடி, கம்பியில் ஒட்டிய சின்ன மட்டையால் முகங்களின் மேல் விழும் வெளிச்சத்தை மறிக்கிறோம். பிறகு மீதியை மூடிக்கொண்டு வானத்துக்கு மட்டும் இன்னும் 10 வினாடி. கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறித்த இடத்தின் விளிம்பு தாளில் கோடாக விழுந்துவிடும். மட்டையை லென்சுக்குக் கிட்டப் பிடித்தால் நிழல் பெரிதாகி விளிம்பும் மங்கும்.

ஆகவே என் பரிந்துரை: டொட்ஜிங் – மறித்தல், பேர்னிங் – கருக்கல். "வெளிச்சத்தை மறிக்காதே" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? கருக்கல் என்பதில் எரிப்பதும் இருக்கிறது, கறுப்பாக்குவதும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்! மறைத்தல் என்று வைக்கலாமே என்று கேட்பீர்கள். அதைக் கணினிக்காரர் மாஸ்க்குக்கு எடுத்துவிடுவார்கள்.

---

> தம்பி, மறித்தல் நல்லது. கருக்கல் என்றால் எங்கள் பக்கம் பொழுது படுகிற நேரம். "கருக்கலில் எடுத்த படம்" என்றால் என்ன விளங்கும்? கருக்கு என்று சுருக்கினால்?

அண்ணா, கருக்கு என்றவுடன் பனைமட்டையின் பல்லுத்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நேரத்தைச் சொல்லும் கருக்கலும் இதுவும் ஒரே வாக்கியத்தில் மோதுவது அபூர்வம்தான், என்றாலும் நீங்கள் சொல்வது நியாயம். நம் சொற்பட்டியலில் கருக்குதல் என்றே போடுங்கள்.

இருட்டறையில் எப்படியும் ஏவலாகத்தான் சொல்லப் போகிறோம்: "முகத்தை மறி, வானத்தைக் கருக்கு." இந்த வெக்கையில் தாளில் படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் திரவத் தட்டை 20 பாகைக்குக் கிட்ட வைத்திருக்கவே ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டியிருக்கிறது. அது சூடேறுவதற்குள் அடுத்த தாளையும் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், "ஒளி குறைத்தல் செய்" என்று யாரும் சொல்லப் போவதில்லை. தாளின் பின்புறம் பென்சிலால் குறிக்கவும் வசதி: 12, ம 3, க 10.

சோதனைத் துண்டு என்பதை அப்படியே விட்டுவிடலாம், அதில் சிக்கலில்லை. என்லார்ஜருக்கு "உருப்பெருக்கி" வேண்டாம், அது நுணுக்குக்காட்டிப் பக்கம் போய்விடும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.