இரண்டு அரியரும் வீட்டில் சொன்ன ஒரு பொய்யும்: ஊருக்கே மாற்றிக்கொண்டு வந்துவிடலாமா?

முக்கூடல் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலைச் சேர்ந்தவள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சென்னையிலுள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடம் பெற்று, இப்போது இரண்டாம் பருவத்தில் இருக்கிறேன். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்திவிடுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வந்துவிடுகிறது. ஆகவே பணத்தைப் பற்றிப் புலம்ப நான் இங்கே வரவில்லை.

முதல் பருவத்தில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் எனக்கு அரியர் (தேர்ச்சி பெறாமல் மறுபடி எழுத வேண்டிய பாடம்) விழுந்துவிட்டது. பள்ளியில் கணிதத்தில் 91 வாங்கியவள் நான். இங்கு வந்த முதல் வாரத்தில் ஆசிரியர் ‘ரேங்க் கண்டுபிடியுங்கள்’ என்றபோது, மதிப்பெண் வரிசையைத்தான் கேட்கிறார் போலும் என்று விழித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் நூறு முறை போட்டுப் பழகிய ‘அணியின் தரம்’தான் அது என்பது, பக்கத்து இருக்கைக்காரியின் நோட்டைப் பார்த்த பிறகே விளங்கியது. இன்னொரு நாள் பலகையில் ஒரு வரி விட்டுப்போயிருப்பதைக் கண்டு, ‘அங்கன ஒரு வரி விட்டுப் போச்சு சார்’ என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியரும் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். அதற்குப் பிறகு நான் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். முடிவு வந்த அன்று அம்மா கைப்பேசியில் கேட்டபோது எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி என்று சொல்லிவிட்டேன், அதுதான் தாங்கவில்லை. சொளவை (முறத்தை) மடியில் வைத்து நாள் முழுவதும் பீடி சுற்றுகிற அம்மா, மாலையில் சுற்றிய பீடியைக் கொடுக்கப் பீடிக்கடையில் வரிசையில் நிற்கும்போது அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். இரண்டு வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு முன் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காலை வகுப்புகள் தப்பி, வருகைப்பதிவும் குறைந்துகொண்டே போகிறது. திருநெல்வேலியிலேயே ஒரு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டால் இதெல்லாம் தீரும் என்று தோன்றுகிறது. இப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்துக்காரன் எழுதியது:

தங்கைக்கு, நானும் உன்னைப்போல் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியோடு எழும்பூரில் போய் இறங்கியவன்தான். 2004 என்று நினைவு. முதல் ஆண்டிலேயே மூன்று அரியர் வைத்தேன். வீட்டில் நானும் பொய்தான் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்கள் மதிப்பெண் விவரம் தபாலில் வீட்டுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. அப்பா அதை வாங்கிப் படித்துப் பார்த்து, ரேஷன் அட்டை இருக்கிற மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துவிட்டார். மூன்று மாதம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சர்க்கரை வாங்க அந்தப் பையை எடுத்தவன் நானே. இதில் மனக்கஷ்டத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு: அந்த மூன்று மாதத்தில், விடைத்தாள் நகல் கேட்டு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளும், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசி நாளும் போய்விட்டன. பணம் கேட்டால் பொய் வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில் நான் கட்டவே இல்லை. மறைக்கிறவர்களில் பலர் இப்படித்தான் ஒரு அரியரை நான்காக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே முதல் வேலையாகத் துறை அலுவலகத்தில் அந்த இரண்டு தேதிகளையும் கேட்டுக் குறித்துக்கொள். வளாக நேர்காணலுக்கு வருகிற நிறுவனங்களில் பல, அந்த நேரத்தில் நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்றுதான் கேட்கும். எழுதி முடித்த பழைய அரியரையும் கணக்கில் எடுப்பவை சிலவே. மூன்று அரியர் வைத்த நான் இப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டை கணக்கு வாத்தியார் எழுதியது:

ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் நான். மேலே தம்பி எழுதியது சரியே. ஆனால் முதல் பருவத்தில் இருந்து எழுந்திருக்கும் பிள்ளையிடம் வளாக நேர்காணலைப் பற்றி இப்போதே பேச வேண்டியதில்லை.

அம்மா, உன் கதையில் உனக்கே தெரியாமல் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ‘அணியின் தரம்’ என்று கேட்டிருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய். உனக்குக் கணக்கு தெரியும். அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். இரண்டாவதற்கு மருந்து உன் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் இயலே அணிகளும் அணிக்கோவைகளும்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கலைச்சொற்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும்; தேர்வுக்கு வராது என்பதால் எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை, நாங்களும் திறக்கச் சொன்னதில்லை, அது எங்கள் தவறு. அதே புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை அரசின் பாடநூல் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகத்தில் நீ ஏற்கெனவே போட்ட ஒரு கணக்கை எடுத்து, அதே கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படி. எண்கள் மாறாது, சொற்கள் மட்டுமே மாறும். ஒரு நாளைக்கு நான்கு கணக்கு போதும். என் மாணவர்களில் இப்படிச் செய்தவர்களுக்கு ஒரு பருவத்துக்குள் வகுப்பு விளங்கத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இயற்பியலுக்கும் இதையே செய்யலாம், ஆனால் அதில் ஆங்கில விளக்கங்கள் நீளம் என்பதால் நாள் பிடிக்கும்.

இனி மாறுதல். நம் ஊரிலும் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, நல்ல கல்லூரிதான். வீட்டுப்பக்கம் படிப்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் நினைத்த மாதத்தில் மாற முடியாது. சேர விரும்பும் கல்லூரியில் உன் பிரிவில் இடம் காலியாக இருக்க வேண்டும். இரு பக்கத்து ஒப்புதலும் வேண்டும். உனக்குக் கிடைக்கும் 7.5 விழுக்காட்டுச் சலுகை அங்கும் தொடருமா என்பதை எழுத்தில் வாங்காமல் இங்குள்ள இடத்தை விட்டுவிடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கும் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ‘ரேங்க்’ அங்கும் ‘ரேங்க்’தான்.

கடையத்துக்காரி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன புத்தக யோசனை அருமையானது. ஆனால் அறைக்குள் தனியே உட்கார்ந்து படித்தே தேறிவிடலாம் என்று இந்தத் தங்கை எடுத்துக்கொண்டால், இன்னும் அதிகமாகத் தனிமைக்குள் போய்விடுவாளோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நானும் சென்னையில் விடுதியில் ஆறு ஆண்டு இருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

தங்கச்சி, இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 14416 என்ற எண்ணை அழைத்தால், எந்த நேரமானாலும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்; 2022 முதல் நாடு முழுவதும் இயங்கும் டெலி மானஸ் சேவை அது. மூன்று மணிக்கு விழித்திருக்கிறவளுக்கு மூன்று மணிக்கே எடுத்துப் பேசுகிற ஆள் வேண்டும். வளாகத்தில் ஆலோசகர் இருந்தால் பகலில் அவரையும் பார். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பல இடங்களில் தேர்வே எழுத விடமாட்டார்கள். மருத்துவக் காரணத்துக்குச் சான்றிதழோடு ஓரளவு தளர்வு தருவார்கள் என்றாலும், அதற்கு நீ இப்போதே மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும், பருவக் கடைசியில் ஓடக் கூடாது.

அந்த ‘அங்கன’வைப் பற்றி. என் விடுதியில் நான் ‘கோட்டி’ (பைத்தியம்) என்று சொன்னதற்கு ஒரு மாதம் சிரித்தார்கள். இரண்டாம் ஆண்டில் அறைத்தோழி, அவள் செங்கல்பட்டுக்காரி, தன் தம்பியைக் கைப்பேசியில் ‘கோட்டிக்காரப் பயலே’ என்று திட்டிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து பிடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மாணவர்கள் சிரித்ததை விட்டுவிடலாம். ஆசிரியர் திருப்பிச் சொல்லிக் காட்டியதை நான் விட்டுவிடச் சொல்லமாட்டேன். அது மீண்டும் நடந்தால், உன் வகுப்புக்குப் பொறுப்பான ஆலோசக ஆசிரியரிடம் நிதானமாகச் சொல். பலகையில் விட்டுப்போன வரியைக் கண்டுபிடித்தவள் நீ என்பதையும் சேர்த்துச் சொல்.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரியை விடாமல் பிடித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவளோடு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போ. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே அங்கு தனிப் பகுதி இருக்கிறது. ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றும்போது பயணச்சீட்டு கிடைக்காமல் அழுவதற்குப் பதிலாக, பயண நாளுக்கு 60 நாள் முன்பு ரயில் முன்பதிவு திறக்கும்போதே ஒரு சீட்டு எடுத்து வைத்துவிடு. போகும் நாள் ஒன்று கையில் இருந்தால் இருக்கிற நாட்களைத் தள்ளிவிடலாம். என் ஆறு ஆண்டும் அப்படித்தான் போயின.

இடையில் ஒன்று: பீடித் தொழிலாளர் அடையாள அட்டை அம்மாவிடம் இருந்தால், பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முக்கூடலிலேயே பலர் வாங்குகிறார்கள்.

முக்கூடல் மாணவி மீண்டும் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அன்றிரவு 14416-க்கு அழைத்தேன். எடுத்தவர் இருபது நிமிடம் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுபடி பேச நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் மாலை, அம்மா பீடிக்கடையிலிருந்து திரும்பியிருக்கும் நேரம் பார்த்து அழைத்துச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பொய் சொன்னதற்குத்தான் திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு அரியர் என்றால் என்ன என்று கேட்டார். எழுதியதை ஏற்காமல் திருப்பிவிட்டார்கள், மறுபடி எழுத வேண்டும் என்று விளக்கினேன். ‘கழிவு போட்டுட்டானா? அதுக்கென்ன, திருப்பிச் சுத்திக் குடுக்கணும், அவ்வளவுதான’ என்றார். பீடிக்கடையில் சரியில்லாத பீடியைக் கழித்துவிட்டால் அதற்கு ஈடாக அம்மா வேறு சுற்றிக் கொடுப்பது வழக்கம். கடையில் மற்றவர்களிடம் இனி என்ன சொல்வது என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மாறுதல் யோசனையை இந்தப் பருவம் முடியும்வரை ஒத்தி வைத்திருக்கிறேன். கணிதத்துக்கு மட்டும் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். இயற்பியலில் நான் எழுதியது எனக்கே தெரியும் என்பதால் கேட்கவில்லை. வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்வி: ஆங்கில வழிப் புத்தகத்தின் முதல் தொகுதியை இறக்கிவிட்டேன். தொகையிடல் இரண்டாம் தொகுதியில் இருக்கிறதே, அதைப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கி வரவேண்டுமா, அல்லது நேராகப் பன்னிரண்டுக்குப் போகலாமா?