காயில் கட்டிய கையோடு சோலார் பயிற்சிக்குப் போன அனுபவம்

மன்னார்குடியிலிருந்து:

எரிந்த பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். கோடை நெல் வயலில் நிற்கும் பங்குனி, சித்திரையில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார்கள் எரியும்; பட்டறை வாசலில் அவை வரிசையாகக் கிடக்கும். அந்த இரண்டு மூன்று மாத வருமானத்தைத்தான் ஆண்டு முழுவதற்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, மூன்று கிலோவாட் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்ததும், மோட்டார் கொண்டுவருபவர்களே என்னிடம் சோலார் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் 600 மணி நேர இலவசப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன்.

கற்றுக்கொடுத்ததில் குறை சொல்ல மாட்டேன். என் அனுபவம் எந்த இடத்தில் உதவாது என்பதை ஆசிரியர் முதல் வாரத்திலேயே காட்டிவிட்டார். மோட்டாருக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால், இணைப்பைப் பிரிக்கும்போது எழும் பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பேனலின் நேர்திசை மின்சாரத்தில் அந்தப் பொறி அணையாமல், கையை விலக்க விலக்க நீண்டுகொண்டே வரும். பியூஸைப் பிடுங்கிவிட்டு வேலை பார்த்தே பழகிய எனக்கு, வெயில் அடிக்கும்வரை பேனலில் மின்சாரம் இருந்தே தீரும் என்பது மனத்தில் பதியப் பத்து நாள் ஆயிற்று.

சிக்கல் வீட்டில்தான் இருந்தது. கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை என்பது உண்மை. ஆனால் நான் பட்டறையை மூடியது, ஆண்டின் சம்பாத்தியம் முழுவதும் வரும் அந்தப் பருவத்தில். மனைவி நூறு நாள் வேலைக்குப் போனார். தோடு கூட்டுறவு வங்கிக்குப் போனது. பயணப்படி தருவோம் என்றார்கள், அதற்கும் கைரேகைக் கருவியில் வருகைப்பதிவு வேண்டும். வார்னிஷும் செப்புக் கம்பியும் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய என் கட்டைவிரலை அந்தக் கருவி பல நாள் ஏற்கவில்லை. "எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சிட்டு வாங்கண்ணே" என்றார் மையத்துப் பிள்ளை. தேய்த்தும் பார்த்தேன். வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களில் பாதிக்குமேல் கணக்கில் வராத நாட்களாகவே முடிந்தன.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, அங்கே 2025 முதல், நாற்பது வயதைக் கடந்த குடிமக்கள் குறிப்பிட்ட சில முழுநேரப் படிப்புகளில் சேர்ந்தால், அவர்களுடைய முந்தைய சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல் அரசே தருவதாகச் சொன்னான். அத்தனை நமக்கு வேண்டாம். 2025-26இல் தமிழகத்தில் நூறு நாள் வேலையின் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேர வகுப்புகளாக 75 நாளுக்கு அதே கூலியைக் கொடுத்திருந்தால்கூட 25,200 ரூபாய் வரும். தோடு வீட்டிலேயே இருந்திருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

சில ஆண்டுகள் ஒரு பயிற்சி மையத்தில் ஆசிரியராக இருந்தவன் என்பதால், நண்பர் எழுதியதன் மறுபக்கத்தைச் சொல்ல முடியும். மத்திய அரசின் இலவசத் திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவின் இரண்டாம் கட்டத்தில், மையத்துக்குரிய தொகையில் 30 சதவீதம் வகுப்பு தொடங்கும்போதும், 50 சதவீதம் மாணவர் சான்றிதழ் பெற்ற பின்பும், மீதி 20 சதவீதம் அவர் வேலையில் அமர்வதை ஒட்டியும் வந்தது. கடைசித் தவணையை நினைத்தே எங்கள் மேலாளர் ஆள் சேர்ப்பார்: திருமணமாகாத, ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடிய இருபது வயதுப் பிள்ளைகளாக வேண்டும். சொந்தப் பட்டறை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர் வந்தால் மேலாளரின் முகம் சுருங்கும். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. தவணை தாமதமான மாதங்களில் எங்கள் சம்பளத்துக்கு அவர் கடன் வாங்கியதை நான் அறிவேன்.

டெல்டா வயல்களைக் காக்க, புதிய எண்ணெய்க் கிணறு போன்ற சில தொழில்களை இங்கே தடுக்கும் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நான் வரவேற்றவன், இன்றும் வரவேற்கிறேன். மின்வாகன ஆலை தூத்துக்குடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் போகட்டும். ஆனால் டெல்டாவிலேயே இருந்து பார்க்கக்கூடிய வேலைகளுக்கு, இங்கே ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர்களை எடுத்துப் பணம் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. முன்னனுபவத்தைச் சோதித்து, குறைவதை மட்டும் சில நாள் சொல்லிக்கொடுத்துச் சான்றளிக்கும் முறை அந்தக் கௌஷல் விகாஸ் திட்டத்திலேயே இருக்கிறது. நண்பருக்கு மல்ட்டிமீட்டர் பிடிப்பதையும் ஒயர் சீவுவதையும் மூன்று வாரம் கற்பித்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.

மீண்டும் மன்னார்குடியிலிருந்து:

நான்கு வாரம், ஐயா. அதில் இரண்டு நாள் என்னையே பாடம் எடுக்கச் சொன்னார்கள். இப்போது கூரை வேலையும் பார்க்கிறேன், காயிலும் கட்டுகிறேன். தோடு ஆவணியில்தான் மீண்டது. என் பட்டறைப் பையனும் இதைக் கற்க ஆசைப்படுகிறான். புரட்டாசியிலோ ஐப்பசியிலோ தொடங்கும் வகுப்பு ஏதேனும் தெரிந்தால் எழுதுங்கள். பங்குனியில் தொடங்குவது என்றால் அவனை அனுப்ப எனக்கு வழியில்லை.