குடந்தை வீட்டுக் குடும்பக் குழு: தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை

மாமி (சென்னை), காலை 7.10
அனைவருக்கும் வணக்கம். சின்னவனுக்கு நேற்று இரவு திடீரென்று குளிர் எடுத்துக் காய்ச்சல் 102 டிகிரி வரை ஏறிவிட்டது. தொண்டை வலியும் வறட்டு இருமலும் இருக்கின்றன. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அழுகிறான். அவன் வகுப்பில் இந்த வாரம் பல பிள்ளைகள் வரவில்லையாம். செவ்வாய்க்கிழமை மாலை மழையில் நனைந்துகொண்டு வந்தான், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சென்ற முறை பெரியவளுக்கு வாங்கியதில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரைகள் மீதம் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் சனிக்கிழமை இரவு ரயில் ஏறுவதற்குள் சரியாகிவிடுவானா?

நான் (திருச்சி), காலை 7.34
மாமி, அந்த மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. சளிக்காய்ச்சலைக் கொண்டுவரும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகைக் காய்ச்சல் பரவியபோது, இந்திய மருத்துவச் சங்கமே இத்தகைய மாத்திரைகளைத் தேவையின்றி எழுத வேண்டாம் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. காய்ச்சல் மூன்று நாளில் தணிந்தாலும் இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம் என்றும் அப்போது சொன்னார்கள். மழை நீரில் இந்தக் கிருமி இல்லை. மழைக்காக வகுப்பறையின் ஜன்னல்களைச் சாத்தி, நாற்பது பிள்ளைகள் ஒரே காற்றை மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அதற்கு வசதி. இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பாராசிட்டமால் அளவை அவன் எடையைப் பார்த்து அவர் சொல்வார். இது டெங்குவுக்கும் உரிய காலம் என்பதால், அவர் சொல்லாமல் ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுத்துவிட வேண்டாம்.

பெரியம்மா (கோயம்புத்தூர்), காலை 7.50
பாவம் குழந்தை. சுக்கும் மிளகும் துளசியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு. கற்பூரவல்லி இலையைப் போட்டு ஆவி பிடிக்க வைத்தால் மூக்கடைப்பு உடனே விட்டுவிடும்.

நான், காலை 7.58
பெரியம்மா, இளஞ்சூட்டில் நீர்க்கக் கஷாயம் கொடுப்பதில் தவறில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்பில் தண்ணீரும் சேரும். ஆனால், ஆவி மட்டும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க மாட்டான். அப்படி வெந்நீர் கவிழ்ந்து தொடை வெந்துபோன குழந்தைகளுக்கு எங்கள் வார்டில் நானே மருந்து கட்டியிருக்கிறேன். அந்த அழுகையை மறக்க முடியவில்லை.

மாமா (சென்னை), காலை 9.15
மருத்துவரிடம் காட்டிவிட்டோம். இது ஃப்ளூ போலத்தான் தெரிகிறது என்றார்; ரத்தப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார். ரயிலுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தது வீணாவதில் எனக்கு வருத்தம்தான். என் அம்மாவுக்கு, உன் பாட்டிக்கு, எண்பத்தொரு வயது. எத்தனை தீபாவளிக்கு அவர் அருகில் இருக்க முடியுமோ தெரியவில்லை. எனவே, சின்னவனும் அவன் அம்மாவும் இங்கே இருக்கட்டும். நானும் பெரியவளும் மட்டும் குடந்தைக்கு வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். எங்கள் இருவருக்கும் தும்மல்கூட இல்லை.

நான், காலை 9.41
மாமா, நீங்கள் பாட்டியைப் பார்க்கத் தவிப்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிருமி உடம்பில் புகுந்து நோயாகத் தெரிவதற்கு ஒரு நாளிலிருந்து நான்கு நாள் வரை ஆகும். ஆனால், தும்மலும் காய்ச்சலும் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே அது மூச்சின் வழியே மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். நேற்று இரவு முழுவதும் அவனை மடியில் போட்டுக்கொண்டிருந்தது நீங்கள். பெரியவள் அவனோடு ஒரே அறையில் தூங்குகிறாள். சனிக்கிழமை ரயில் ஏறும்போது நன்றாக இருக்கும் நீங்கள் ஞாயிறன்று பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பீர்கள், திங்கள்கிழமை காலை உங்களுக்குக் காய்ச்சல் வரும். நமக்கு ஐந்து நாள் படுக்கையோடு போய்விடுவது, சர்க்கரையும் மூச்சிரைப்பும் உள்ள பாட்டிக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். சென்ற ஆண்டு இதே மாதத்தில் எங்கள் வார்டுக்கு வந்த முதியவர்கள் பலர் வீட்டை விட்டு வெளியே போகாதவர்கள். அவர்களைப் பார்க்க அன்போடு வந்தவர்களிடமிருந்துதான் அவர்களுக்குத் தொற்றியது.

அம்மா (குடந்தை), காலை 10.20
தம்பி, அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அக்கம்பக்கத்தார் பட்சணத் தட்டோடு வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். வராதீர்கள் என்று சொல்ல முடியாது. பாட்டிக்கு ஃப்ளூ தடுப்பூசி இந்த ஆண்டு போடவில்லை. இப்போது போட்டால் பயன் உண்டா?

நான், காலை 10.38
அம்மா, தடுப்பூசி போட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு உண்டாகும். ஆகவே, இந்தத் தீபாவளிக்கு அது உதவாது. ஆனால், மழைக்காலம் இன்னும் இருக்கிறது, ஜனவரிக்குப் பிறகும் ஓர் அலை வருவது வழக்கம். எனவே, பாட்டியின் மருத்துவரைக் கேட்டு இந்த வாரமே போட்டுவிடுங்கள். வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும்.

வருபவர்களைக் கூடத்துக்குள் அழைக்காமல் திண்ணையில் உட்கார வையுங்கள்; அங்கே காற்று ஓடும். அந்தக் காலத்தில் வாசலில் செம்பில் தண்ணீர் வைத்துக் கைகால் கழுவியபின் உள்ளே வருவார்கள் என்று பாட்டி சொல்வாரே, அதையே மறுபடி செய்யலாம். பக்கத்தில் ஒரு சோப்பு மட்டும் கட்டாயம் இருக்கட்டும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்து உடைத்துவிடும், வெறும் தண்ணீரால் அது முடியாது. விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்து இருபது வினாடி கழுவ வேண்டும். நம் வீட்டில் டம்ளரை அண்ணாந்து குடிப்பதும் எச்சில் பாத்திரத்தைத் தனியே வைப்பதும் நல்ல பழக்கங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால், கொல்லையில் எல்லாருக்கும் பொதுவாகத் தொங்கும் அந்த ஒரே துண்டை இன்றே எடுத்துவிடுங்கள், ஆளுக்கொன்று இருக்கட்டும்.

தம்பி (பெங்களூர்), காலை 11.05
அக்கா, நான் வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் வருகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, எங்கள் அறையிலும் எவருக்கும் இல்லை. கையில் சானிடைசர் வைத்துக்கொண்டால் போதுமா?

நான், காலை 11.12
ஆல்கஹால் அறுபது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாட்டிலில் பார்த்துக்கொள். ஆனால், குளிரூட்டிய பேருந்தில் எட்டு மணி நேரம் கதவடைத்துப் போகும்போது முகக்கவசம்தான் முக்கியம். மூக்குக்குக் கீழே இறக்கிவிடாதே. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுப் பாட்டியிடம் போ. அவரோடு பேசும்போதும் இரண்டு நாளாவது முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். தொண்டை கரகரத்தால் மாடி அறையிலேயே இருந்துகொள்.

அம்மா, நண்பகல் 12.30
பாட்டியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: “பிள்ளைக்கு உடம்பு சுடும்போது அவனை அலைக்கழித்து அழைத்து வருவது என்ன பண்டிகை? அவனுக்குப் பால் கஞ்சி கொடுங்கள். திங்கள்கிழமை விடியற்காலை எனக்கு எண்ணெய் வைத்ததும் வீடியோவில் கூப்பிடுங்கள், அப்போதே எல்லாரையும் பார்த்துக்கொள்கிறேன். கார்த்திகைக்கு எல்லாரும் வந்துவிடுங்கள், பொரி உருண்டை பிடித்து வைக்கிறேன்.”

மாமா, பிற்பகல் 1.05
அம்மா சொன்னபிறகு எனக்கு வேறு பேச்சில்லை. பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டேன். கார்த்திகைக்கு இன்றே பதிவு செய்கிறேன்.

நான், பிற்பகல் 1.20
மிக்க நன்றி மாமா. மாமி, அவன் மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா எலும்பு உள்வாங்கினாலோ, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினாலும் அப்படியே. மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் பள்ளிக்கு அனுப்புங்கள்.

மாமி, மாலை 5.45
ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. காய்ச்சல் இப்போது 100 டிகிரி. இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தான். அந்த மூன்று மாத்திரைகளையும் அட்டையோடு மருந்துக்கடையில் கொடுத்துவிட்டேன். பெரியவளைக் கூடத்தில் தனியாகப் படுக்க வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். மணிதோறும் வெப்பத்தை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இரவு பத்து மணிக்கு அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லம்மா.