பகுதி சபையில் தெருத் தண்ணீர் பிரச்சினையை எப்படி வைத்தால் வேலை நடக்கும்?

தெருவோரம்:

வணக்கம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு (வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அங்கங்கே மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் கூட்டம்) எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து போவதாக இருக்கிறோம். கொஞ்சம் பலத்த மழை என்றாலே தெருவில் தண்ணீர் நிற்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டதில் பல வீட்டு வாசல் சாலையை விடத் தாழ்ந்துவிட்டது. மழைநீர் வடிகால் இருக்கிறது, ஆனால் தண்ணீர் அதில் இறங்குவதில்லை. மனு கொடுத்தால் ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வருகிறது, அதோடு சரி.

இந்தச் சபையில் யார் யார் பேசலாம், வாடகைக்கு இருப்பவர்களும் வரலாமா? எழுதிக் கொடுப்பதை எப்படி எழுத வேண்டும்? செலவில் ஒரு பங்கை மக்களே தரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பணம் போட்டால் சீக்கிரம் முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்றப்பார்வையாளர்:

அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் பகுதி சபையில் அங்கம். சொந்த வீடா வாடகையா என்று யாரும் கேட்க முடியாது. வாடகைக்கு இருப்பவர்கள் பழைய முகவரியிலேயே ஓட்டுரிமையை வைத்திருப்பதுதான் வழக்கமான சிக்கல்; அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது என்பதையும் வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு வார்டு 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, மற்ற ஊர்களில் எண்ணிக்கை வேறுபடலாம். எல்லைத் தெருக்காரர்கள் தவறான கூட்டத்துக்குப் போய்த் திரும்புவது அடிக்கடி நடக்கிறது.

இந்த ஏற்பாடு 2022-இல் விதிகள் வந்த பிறகு, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல்முறையாகக் கூடியது. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். அந்தக் குழுவில் ஒவ்வொரு பகுதியின் சார்பிலும் இருப்பவர்கள் தேர்தலில் வந்தவர்கள் அல்ல, நியமனம் பெற்றவர்கள். அதனால் உங்கள் கோரிக்கைக்கு அவர்களிடம் ஆதரவு கேட்கலாமே தவிர, முடிவு அவர்கள் கையில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

முக்கியமானது தேதி. ஆண்டுக்கு நான்கு முறை: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. (தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் தள்ளிப்போகலாம்.) எந்தக் கூட்டத்தில் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். செப்டம்பர் கூட்டத்தில் புது வடிகால் கேட்டால் அந்த மழைக்குள் ஒன்றும் நடக்காது. தூர்வாரல், உடைந்த மூடி, அடைத்த துவாரம் இவற்றைக் கேட்டால் நடக்கும். டிசம்பர் கூட்டத்துக்கு அந்த மழையில் எடுத்த படங்களும் அளவுகளும் கையில் இருக்க வேண்டும். பெரிய வேலை எதுவானாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வைத்துவிடுங்கள், ஏனென்றால் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான பட்ஜெட்டை மாமன்றம் (கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றம்) அதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் 14-இல் போய்ப் புதிதாகக் கேட்பது, பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்வது மாதிரி. அன்று கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன கூட்டங்களில் வைத்ததில் எது பட்ஜெட்டில் ஏறியது, எது ஏறவில்லை?

கூட்டத்தில் வாயால் பேசியது காற்றோடு போகும். கோரிக்கையை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் தெருப் பெயர் எழுதப்பட்டதா என்று எழுந்து போவதற்கு முன்பே, அங்கேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘சாலை, கழிவுநீர், குடிநீர் குறித்துப் பொதுமக்கள் பேசினர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அதை வைத்துப் பின்னால் ஒன்றும் கேட்க முடியாது.

அளவுநாடா:

மேலே சொன்னதோடு சேர்த்து ஒன்று. ‘எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் வேண்டும்’ என்று எழுதினால் உதவிப் பொறியாளரால் அதை வைத்து எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) போட முடியாது. வடிகால் ஏற்கனவே இருப்பதால் ‘வடிகால் உள்ளது’ என்று பதில் எழுதி முடித்துவிடுவார்கள். இருக்கிற வடிகாலில் தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்பதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும்.

மழை விட்ட உடனே பாருங்கள். தண்ணீர் எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை நிற்கிறது, ஆழமான இடத்தில் எத்தனை சென்டிமீட்டர், வடிய எத்தனை மணி நேரம். ஆழத்தைக் கண்ணளவில் சொல்ல வேண்டாம். அங்கே இருக்கும் மின்கம்பத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் வடிந்ததும் கோட்டுக்கும் தரைக்கும் நாடா பிடித்துப் படம் எடுங்கள். கம்பத்தின் எண் படத்தில் தெரியட்டும்.

அடுத்து காரணம். சாலையோரம் தண்ணீர் இறங்கும் துவாரத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைத்திருந்தால் அது சுத்தப்படுத்தும் வேலை, சில நாளில் முடியும். சாலை போட்டபோது தாரே துவாரத்தை மூடியிருக்கலாம்; அல்லது துவாரம் பள்ளமில்லாமல் மேட்டில் நிற்கலாம், அப்போது தண்ணீர் அதைத் தாண்டிப் பள்ளத்துக்கு ஓடும். இவை இரண்டுக்கும் துவாரத்தை இறக்கி அமைக்க வேண்டும். துவாரம் சரியாக இருந்தும் வடிகால் நிரம்பி நின்றால் கோளாறு கீழே இருக்கிறது: மண் படிவு, அல்லது வடிகால் போய்ச் சேரும் கால்வாயின் மட்டம் உயரம், அல்லது நடுவில் சில மீட்டர் கட்டாமலே விடப்பட்ட இணைப்பு. கடைசியாகச் சொன்னது நிறைய ஊர்களில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வடிகால் கட்டியிருப்பார்கள், நடுவில் மின் கேபிளோ குடிநீர்க் குழாயோ குறுக்கே வந்ததால் விட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டச் சொன்னால் தெரு முழுவதும் வடிந்துவிடும்.

கோடையிலும் ஒரு தடவை மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மழையே இல்லாத மாதத்தில் வடிகாலில் கறுத்த தண்ணீர் ஓடினால் யாரோ கழிவுநீரை அதில் இணைத்திருக்கிறார்கள். அந்த இணைப்பை எடுக்காமல் எத்தனை தடவை தூர்வாரினாலும் திரும்ப அடைக்கும். தூர்வாரிய மண்ணை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைக்கவும் விடாதீர்கள், அடுத்த மழைக்கு அது உள்ளேயே போய்விடும். அள்ளிக்கொண்டு போகும் வரை பின்தொடருங்கள்.

சாலை உயரத்துக்கு: 2021-இலேயே தலைமைச் செயலாளர், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறார். கோரிக்கையில் அதைக் குறிப்பிடுங்கள். வேலை தொடங்கும் முன் நாலைந்து வாசற்படிகளிலிருந்து சாலை நடுவுக்கு ஒரு கயிறை மட்டமாகப் பிடித்து உயர வித்தியாசத்தை எழுதி வையுங்கள். எத்தனை மில்லிமீட்டர் சுரண்டினார்கள், எத்தனை போட்டார்கள் என்ற வாதம் வந்தால் அந்த நாலு எண்ணும்தான் பேசும்.

தெருவோரம்:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு துவாரத்தைத் தாரே மூடியிருக்கிறது, அதை இப்போதுதான் கவனித்தோம். எஸ்டிமேட் போட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘நமக்கு நாமே’ பற்றியும் சொல்லுங்கள்.

கால்வாய்க்கரை:

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தரத் தேவையில்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட தேதி பகுதி சபையின் நடவடிக்கைக் குறிப்பு நகல், அந்தத் தெருப் பணியின் எஸ்டிமேட் நகல், பணி ஆணை, ஒப்பந்ததாரர் குறைகளைச் சரிசெய்ய வேண்டிய காலம் எதுவரை, முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்கான பக்கங்கள். போன முறை போட்ட சாலைக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை என்றால், மூடிய துவாரத்தை ஒப்பந்ததாரர் செலவிலேயே திறக்கச் சொல்லலாம். இதை முதலில் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நகல் மட்டுமல்ல, நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைக் கேட்டு எடுக்கவும் அதே சட்டத்தின் பிரிவு 2(ஜெ) உரிமை தருகிறது.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. பூங்கா வேலி, கூடுதல் தெருவிளக்கு, கண்காணிப்பு கேமரா மாதிரி வேலைகளுக்கு நன்றாக இருக்கிறது. வடிகாலுக்கு வேண்டாம் என்பேன். வடிகால் உங்கள் தெருவோடு முடிவதில்லை, கீழ்த்தெருக்காரர் தண்ணீரும் அதில்தான் போகிறது. பணம் திரட்ட முடிந்த தெருவுக்கு மட்டும் துண்டாகக் கட்டினால் தண்ணீர் அடுத்த தெருவில் போய் நிற்கும்.

மன்றப்பார்வையாளர்:

தகவல் மனுவை எடுத்த எடுப்பிலேயே போட வேண்டாம். ஒரு பகுதி சபையில் வைத்து, அடுத்ததற்குள் அசைவு இல்லை என்றால் போடுங்கள். எஸ்டிமேட் தயாராகும் கட்டத்தில் இருக்கும் பொறியாளர், மனு வந்ததும் கோப்பைப் பதில் எழுதும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்.

இன்னொன்று, அது யாருடைய சாலை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறை சாலை என்றால் மாநகராட்சி எஸ்டிமேட்டே போட முடியாது. சென்னையில் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. வடிகாலில் கழிவுநீரை இணைத்திருப்பது பற்றிய புகாரை இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதற்குக் கொடுத்த மனுவின் எண்ணை எழுதுங்கள். அப்போதுதான் ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது.

அளவுநாடா:

தார் மூடிய துவாரத்துக்குச் சபை வரை காத்திருக்க வேண்டாம். படத்தோடு, பக்கத்துக் கம்ப எண்ணும் கதவு எண்ணும் எழுதி வார்டு பொறியாளரிடம் இப்போதே கொடுங்கள். இளக்கி எடுக்கும்போது கூட நின்று, சல்லடைக் கம்பி திரும்பப் பொருத்தப்பட்டதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுப் போனால் குப்பை நேராக வடிகாலுக்குள் போகும்.