முகத்தின்மேல் பழைய குடும்பப் படம்: புரொஜெக்டரில் வண்ணப் பட்டைகள்

கேள்வி:
புலம்பெயர்ந்த குடும்பங்களின் அடையாளம் பற்றிய தொடர். பாட்டியின் பழைய படத்தைப் பேத்தியின் முகத்தில் விழவைத்து எடுக்க வேண்டும். கேமராவில் வண்ணப் பட்டைகள் விழுகின்றன. பாட்டியின் கண்களும் இடம் மாறிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
பட்டைக்குக் காரணம் ஷட்டர் வேகம். சாதாரண டிஎல்பி புரொஜெக்டர் (நுண்கண்ணாடிச் சிப்பால் படம் காட்டும் வகை) சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்டும். 1/250 நொடி வைத்தால் ஒரு சுற்று முடிவதற்குள் ஷட்டர் மூடிவிடும். 1/30க்கு இறக்குங்கள், முக்காலி கட்டாயம். தலையைச் சுவரில் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள், இல்லையேல் இமையோரம் கலங்கும்.

கண்களுக்கு: கேமராவைப் புரொஜெக்டர் லென்ஸை ஒட்டியே வையுங்கள். விலகினால் மூக்கின் நிழல் பாட்டியின் கன்னத்தை வெட்டும். முதலில் கண்களைப் பொருத்துங்கள். வாய் சற்று விலகினாலும் பரவாயில்லை, அந்த விலகலே இரு தலைமுறையின் இடைவெளியைக் காட்டும். நெற்றி மினுங்கினால் லேசாகப் பவுடர்.

பதில் 2:
பாட்டியின் படத்தை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல் வரும். தயவுசெய்து மடிப்புக் கோட்டைத் துடைத்துவிடாதீர்கள். பேத்தியின் கன்னத்தில் ஓடும் அந்த வெள்ளைக் கோடுதான் எனக்கு முகத்தைவிட முக்கியம்.

தொடர் முழுக்கச் சட்டகத்தை மாற்றாதீர்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி மே வீம்ஸ் 1990இல் சமையலறை மேசைத் தொடரை அப்படித்தான் அமைத்தார்: 20 படங்கள், ஒரே மேசை, மேலே ஒரே விளக்கு. இடம் நிலையாக இருப்பதால் ஆட்களின் உறவு மாறுவது மட்டும் கண்ணில் படும்.

பதில் 3:
உறவினர்களிடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படம் சுவரில் ஏறிய பிறகு கேட்டால் மனக்கசப்புதான்.