புதுப்பிப்பு: கிட்டாரிலிருந்து செய்திக்கும் வலைத்தளத்துக்கும்

ராக் குழுவில் வாசித்தவர் செய்தியாளராகவும் வலைத்தள வடிவமைப்பாளராகவும் மாற என்னென்ன கற்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் விட்டுப்போனவை இவை.

ஒலிப்பதிவுப் பழக்கம் பேட்டிக்கு அப்படியே உதவும். மாதிரி வீதம் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது) 48 கிலோஹெர்ட்ஸ், ஒலி அளவின் உச்சம் -12 டெசிபெல்லுக்குள், மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. வேலூர் வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது. மேசை விசிறி என்றால் மைக்கின் முதுகு அதன் பக்கம் இருக்கட்டும். பாட்டுப்போலப் பேட்டியை வெட்டி ஒட்டக்கூடாது. ஒரு ‘ஆனால்’ போனாலே சொன்னவர் கருத்து தலைகீழாகிவிடும். மூலக் கோப்பைக் கை வைக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

செய்தியில் ஊர் எந்த மாவட்டம் என்பதையும் சரிபாருங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில், ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டையில், குடியாத்தம் வேலூரிலேயே. பழைய நினைவில் எழுதினால் செய்தியின் முதல் வரியே பிழை. தகவல் உரிமை மனுவும் தவறான அலுவலகத்துக்குப் போய் நாள் வீணாகும்.

வலைத்தளத்தில் பெரும்பாலும் சிக்குவது எழுத்துருதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் வாசகர் கைப்பேசியில் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். முதலில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றுங்கள். வரி இடைவெளி எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் குறைந்தால் ‘கி’யின் கொக்கி மேல்வரியின் ‘கூ’வை நெருக்கும். பக்க முகவரியை ரோமன் எழுத்தில் வையுங்கள். ‘வேலூர்’ என்ற ஒரு சொல்லே, இணைப்பை நகலெடுத்து ஒட்டும்போது, %, எண், ஆங்கில எழுத்து கலந்த 54 குறிகளாக நீளும். வாட்ஸ்அப்பில் அப்படியொரு இணைப்பைப் பார்ப்பவர் தொடவே தயங்குவார்.