கன்ஃபர்ம் பெட்டிக்குப் பதிலா டிவ்: ஃபோகஸ் நழுவுது

கேள்வி:
"அழிக்கவா?"னு கேட்க பிரவுசரோட கன்ஃபர்ம் பெட்டியை எடுத்துட்டு டிவ் (சாதாரண HTML பெட்டி) வச்சா, டேப் அழுத்தினதும் ஃபோகஸ் (கீபோர்டு இப்ப எதுல வேலை செய்யுதோ அந்த இடம்) பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற பக்கத்துக்குப் போயிடுது. ஸ்கிரீன் ரீடரும் (திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற மென்பொருள்) பெட்டி திறந்ததைச் சொல்லலை. எப்படிச் சரிசெய்றது?

பதில் 1:
டிவ்வை விடுங்க. HTML-லயே இருக்கிற டயலாக் எலிமெண்ட்டை (dialog) ஷோமோடல் (showModal) மெத்தடால திறங்க. 2022 மார்ச்சிலிருந்து எல்லா முக்கிய பிரவுசர்லயும் இருக்கு. பின்பக்கம் தானா முடங்கும், எஸ்கேப் மூடும், முன்னாடி ஃபோகஸ் இருந்த இடத்துக்கே திரும்பும். வெறும் ஷோ (show) போட்டா பின்பக்கம் முடங்காது. ஸ்கிரீன் ரீடர் பெட்டியோட பேரைச் சொல்ல, தலைப்போட ஐடியை ஏரியா-லேபிள்ட்பைல (aria-labelledby) குடுங்க. ஆட்டோஃபோகஸ் (திறந்ததும் ஃபோகஸ் போற இடம்) "வேண்டாம்" பட்டன்லதான் இருக்கணும். என்டர் தவறிப் பட்டாலும் எதுவும் அழியாது.

பதில் 2:
டயலாக் உள்ளே ஃபார்ம் வச்சு அதோட மெத்தடை டயலாக்னு (method="dialog") குடுத்தா, அமுக்கின பட்டனோட வேல்யூ டயலாக்கோட ரிட்டர்ன்வேல்யூல (returnValue) வந்துடும். ஆனா எஸ்கேப்ல மூடினா அது மாறாது. போன தடவை வந்த "ஆம்" அப்படியே நிக்கும், பயனர் வேண்டாம்னு மூடியும் டேட்டா போயிடும். இது ரொம்ப ஆபத்து; ஒவ்வொரு தடவையும் திறக்கும் முன்னாடி காலியாக்குங்க. கன்ஃபர்ம் மாதிரி இது கோடை நிறுத்தி வைக்காது, அதனால க்ளோஸ் ஈவென்ட்ல முடியுற ஒரு ப்ராமிஸ் (பதில் பிறகு வரும்னு குறிக்கிற ஆப்ஜெக்ட்) எழுதி, பதில் வர்ற வரைக்கும் அவெய்ட் பண்ணுங்க.

பதில் 3:
டயலாக்கைத் திறந்த பட்டன் அழியுற வரிசையிலேயே இருந்தா, மூடினதும் ஃபோகஸ் திரும்ப இடமே இருக்காது. அடுத்த வரிசைக்கு ஃபோகஸை நீங்களே குடுங்க. டயலாக்குக்கு நேரடியா CSS-ல டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (display: flex) போடாதீங்க, மூடினாலும் திரையில நிக்கும்.